முற்பிறவிக் கணவனை மறுத்தவள்: மணிமேகலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறுபிறவிக் காதல், கெட்டுப்போன ஒரு நகரம், விதியோடு மல்லுக்கு நிற்கும் ஓர் இளம்பெண். இந்த மூன்றும் சேர்ந்த தொடர்கதைகளுக்கு இன்று இணையத்தில் தனிக் கூட்டமே இருக்கிறது. அந்தக் கூட்டத்திலிருந்து மணிமேகலை பக்கம் எட்டிப் பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பள்ளியில் அள்ள அள்ளச் சோறு குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தோடு நிறுத்திவிடுவதால் காதல் பகுதி பலர் காதில் விழுந்ததே இல்லை. முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்பவர்கள் நூலைப் படித்துவிட்டு வரலாம்.

மணிமேகலை காதல் கதையா? துறவுக் காப்பியம் என்றல்லவா படித்தோம்?

இரண்டும்தான். கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள் மணிமேகலை. கோவலன் மதுரையில் வெட்டுண்ட செய்தி வந்ததும் மாதவி ஆடலைத் துறந்து அறவண அடிகளிடம் பௌத்த நெறியில் சேர்ந்துவிடுகிறாள். மகளையும் கணிகை வாழ்க்கைக்கு விட மறுக்கிறாள். சோழ இளவரசன் உதயகுமரனோ மணிமேகலை மேல் பித்துப் பிடித்து அலைகிறான். மணிமேகலா தெய்வம் அவளை மணிபல்லவம் என்ற தீவுக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. அங்கே புத்த பீடிகையைத் தொழுததும் அவளுக்கு முற்பிறவி நினைவுக்கு வருகிறது. அப்போது அவள் பெயர் இலக்குமி, கணவன் பெயர் இராகுலன். அந்த இராகுலன்தான் இன்றைய உதயகுமரன் என்று தெய்வம் சொல்கிறது.

நமக்குப் பழகிய மறுபிறவிக் கதை எதுவாக இருந்தாலும் இந்த இடத்தில் மழை பெய்யும், பாட்டு வரும், இருவரும் சேர்வார்கள். நூலாசிரியர் சீத்தலைச் சாத்தனார் நேர் எதிர்ப்பக்கம் நடக்கிறார். அவன் யாரென்று தெரியாதவரை மணிமேகலை தடுமாறுகிறாள். தெரிந்த பிறகுதான் உறுதியாக மறுக்கிறாள். நூலை இன்றும் விறுவிறுப்பாகப் படிக்க முடிவது இந்தத் திருப்பத்தால்தான் என்பது என் எண்ணம்.

அவளுக்கு அவன்மேல் ஆசை இருந்ததா, இல்லையா?

இருந்தது. அதை மறைக்காமல் அவள் வாயாலேயே சொல்லவைத்திருக்கிறார் சாத்தனார்.

உவவனம் என்ற பூஞ்சோலைக்கு மணிமேகலை பூப்பறிக்க வந்திருக்கிறாள், துணைக்குத் தோழி சுதமதி. மதயானையை அடக்கிய கையோடு தேரேறி வருகிறான் உதயகுமரன். மணிமேகலை பளிங்கு மண்டபத்துக்குள் புகுந்துகொள்கிறாள். வெளியிலிருந்து பார்த்தால் உருவம் தெரிகிறது, ஆனால் எட்டாது. அவன் முதலில் அதை ஓவியமென்றே நினைத்து, வரைந்தவனுடைய கற்பனையை வியக்கிறான். பிறகு அவளேதான் என்று தெளிந்து, வழி தேடிச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வருகிறான். ‘தாழொளி மண்டபம் தன்கையின் தடைஇ’ என்று ஒரே அடியில் அந்தக் காட்சி வந்துவிடுகிறது. சுதமதி அவனைத் தடுத்துப் பேசும்போது அவன் சொல்லும் பதில் புகழ்பெற்றது:

‘சிறையும் உண்டோ செழும்புனல் மிக்குழீஇ,
நிறையும் உண்டோ காமம் காழ்க்கொளின்?’

பெருவெள்ளத்தை நிறுத்த அணை உண்டா, முற்றிப்போன காமத்தை நிறுத்த மனக்கட்டுப்பாடு உண்டா என்கிறான். ‘என் கையில் எதுவும் இல்லை’ என்ற வாதம்தான் இது. இன்றைய கதாநாயகர்கள் பலரும் இதே வசனத்தைப் பேசிவிட்டுக் கைதட்டு வாங்குகிறார்கள்.

அவன் போன பிறகு மணிமேகலை வெளியே வந்து சுதமதியிடம் சொல்வதைப் பாருங்கள். கற்பில்லாதவள், தவ உணர்வு இல்லாதவள், விலைக்குப் போகிறவள் என்றெல்லாம் அவன் என்னை இகழ்ந்தான். அப்படியிருந்தும்,

‘புதுவோன் பின்றைப் போனதென் நெஞ்சம்;
இதுவோ அன்னாய் காமத்து இயற்கை,
இதுவே ஆயின் கெடுகதன் திறம்.’

முன்பின் தெரியாத ஒருவன் பின்னால் என் நெஞ்சு போய்விட்டதே, காமத்தின் இயல்பு இதுதானா, இதுதான் என்றால் அதன் வலிமை ஒழியட்டும் என்கிறாள். ஈர்ப்பை ஒப்புக்கொள்கிறாள், அதே மூச்சில் அதைச் சபிக்கிறாள். இகழ்ந்தவன் மேல் எப்படி மனம் போனது என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் இந்தப் பெண்ணுக்கு இன்னும் முற்பிறவி எதுவும் தெரியாது. தெய்வம் காட்சிக்கு வருவதே இதன் பிறகுதான். ஆகவே முதல் மறுப்பு அவளுடையது.

இதில் டிஸ்டோபியா, அதாவது கெட்டுப்போன உலகம், எங்கே இருக்கிறது? புகார் செல்வம் கொழித்த நகரமாயிற்றே?

28 நாள் இந்திரவிழா நடக்கும் நகரம்தான். ஆனால் அந்த விழாவை வைத்தே கதை தொடங்குவதைக் கவனியுங்கள். மாதவியும் மகளும் ஆட வரவில்லை என்று ஊர் பேசத் தொடங்குகிறது. கணிகை குலத்தில் பிறந்தவள் ஆடியே ஆகவேண்டும். அவள் துறவு பூண்டால் அது ஊருக்கே அவமானம். பிறந்த குலம் தொழிலைத் தீர்மானிக்கும், தொழில் உடலைத் தீர்மானிக்கும் என்ற ஏற்பாடு இது.

செழிப்புக்கு ஒட்டியே இருள் இருக்கிறது. ஊருக்கு வெளியே சக்கரவாளக் கோட்டம் என்னும் பெரிய சுடுகாடு. பிணங்களைச் சுடுவோர், வெறுமனே போட்டுவிட்டுப் போவோர், குழியில் புதைப்போர், தாழியில் கவிப்போர் என்று வரிசையாக வருணிப்பார் சாத்தனார். அங்கே பேயைக் கண்டு அஞ்சிச் செத்த மகனைத் தூக்கிக்கொண்டு கோதமை என்ற தாய் சம்பாபதி தெய்வத்திடம் நீதி கேட்கிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைக் கொடு என்று மன்றாடுகிறாள். போன உயிர் வினைவழியே போய்விட்டது என்று கைவிரிக்கிறது தெய்வம். எந்தத் தெய்வத்தாலும் அது ஆகாது என்று காட்ட எல்லாத் தெய்வங்களையும் அவள் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இன்னும் உண்டு. பசியோடு அடைபட்டுக் கிடக்கும் சிறைவாசிகள், பாண்டிய நாட்டில் 12 ஆண்டுப் பஞ்சம், காஞ்சியில் பஞ்சம், கடைசியில் புகாரையே கடல் கொண்டுபோய்விடுவது. மணிமேகலா தெய்வம் உதயகுமரனிடம், கோல்நிலை திரிந்தால் கோள்நிலை திரியும், கோள்நிலை திரிந்தால் மழை வறளும், மழை வறண்டால் உயிர்கள் இல்லை என்று எச்சரிக்கிறது. ஆள்பவனின் ஆசைக்கும் ஊரின் பஞ்சத்துக்கும் இப்படி முடிச்சுப் போடுகிறது இந்தக் காப்பியம்.

முற்பிறவியில் அப்படி என்னதான் நடந்தது?

இலக்குமி அசோதர நகரத்து அரசன் இரவிவன்மனின் மகள். இராகுலன் வேறொரு நாட்டு இளவரசன். 16 நாளில் திட்டிவிடம் என்ற பாம்பால் அவன் சாவான், அவளும் தீயில் புகுவாள் என்று பிரமதருமன் என்ற முனிவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. திட்டிவிடம் என்பது பார்வையாலேயே கொல்லும் பாம்பு.

அவர்கள் இருவரும் மலர்ச்சோலையில் ஊடிக்கொண்டிருந்த ஒரு பொழுதையும் தெய்வம் நினைவூட்டுகிறது. அப்போது சாதுசக்கரன் என்ற முனிவர் வந்தார். யார் இவன் என்று இராகுலன் சீற, இலக்குமி பதறி அவன் வாயைப் பொத்தி, அவனையும் வணங்கவைத்து, முனிவருக்கு உணவளித்தாள். அந்த அறத்தின் பயன்தான் உன் பிறவியை அறுக்கப்போகிறது என்கிறது தெய்வம். இருவரையும் பிணைத்த காதலுக்கு நடுவிலேயே விடுதலைக்கான விதையும் கிடந்திருக்கிறது. அதை விதைத்தவள் அவள். அவன் அந்த நேரத்தில் கோபப்பட்டுக்கொண்டிருந்தான்!

மாதவியும் சுதமதியும்கூட அந்தப் பிறவியில் அவளுடைய அக்காக்கள். கதைமாந்தர் எல்லாரும் ஏதோ ஒரு முடிச்சில் உறவாகிவிடும் இந்த ஏற்பாடு இன்றைய தொடர்கதைக்காரர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

போன பிறவியில் கணவன் என்றால் இந்தப் பிறவியிலும் அவனுக்கு உரிமை உண்டுதானே?

அதிகம் வரும் கேள்வி இது, எனக்கு எரிச்சலூட்டும் கேள்வியும் இதுதான்.

முதலில், நினைவு திரும்புவது அவளுக்கு மட்டும். உதயகுமரன் முற்பிறவியைச் சொல்லி அவளைக் கேட்கவே இல்லை. அவன் கேட்டது அரச குலத்தான் கணிகை குலத்தாளைக் கேட்கும் முறையில்தான். பாட்டி சித்திராபதியைப் பிடித்தால் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டவன் அவன்.

அடுத்து, பழைய உறவை மணிமேகலை மறுக்கவில்லை, மதிக்கிறாள். ஊர்ப் பொது இடமான அம்பலத்தில் அவன் எதிரே வரும்போது ‘என்னமர் காதலன் இராகுலன்’ என்று மனத்துக்குள் நினைத்து அவனைத் தொழுகிறாள். பிறகு நிமிர்ந்து, உடம்பு என்பது பிறத்தலும் மூத்தலும் பிணிப்படுதலும் இறத்தலும் உடைய துன்பக் கொள்கலம், இதை உணர்ந்து தவத்தை விரும்பினேன் என்று சொல்லிவிட்டு, காயசண்டிகை என்ற பெண்ணின் வடிவத்தை எடுத்துக்கொண்டு நழுவிவிடுகிறாள். வணக்கம் பழைய கணவனுக்கு, மறுப்பு எதிரே நிற்கும் இளவரசனுக்கு. ஒரே ஆளிடம் இரண்டையும் பிரித்துக் கொடுக்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டு போனதே, அவளிடம் கேட்டதா?

கேட்கவில்லை. சுதமதியைத் தூங்கவைத்துவிட்டு, இவளைத் தழுவி எடுத்து, 30 யோசனைத் தொலைவு தெற்கே பறந்து மணிபல்லவத்தில் கிடத்திவிட்டுப் போய்விடுகிறது. கண்விழித்த மணிமேகலை அதை உவவனத்தின் ஒரு மூலை என்று நினைத்துச் சுதமதியைக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். கடற்கரை மணலில் தனியாக நின்று, செத்துப்போன அப்பாவை அழைத்து அழுகிறாள். அவளுடைய விருப்பத்தை அங்கே யாரும் மதிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

ஆனால் தெய்வம் அவளைத் தீவிலேயே காவலில் வைக்கவும் இல்லை. வேற்றுருவம் எடுக்க, வானில் பறக்க, பசியைப் பொறுக்க என்று மூன்று மந்திரங்களைக் கொடுத்துவிட்டு விலகிவிடுகிறது. அதன்பிறகு எங்கே போவது, யாருக்குச் சோறிடுவது, எப்போது உருமாறுவது எல்லாம் அவள் பாடு. (மணிபல்லவம் இன்றைய யாழ்ப்பாணத்து நயினாதீவு என்று பலர் சொல்கிறார்கள். ஒப்பாதவர்களும் உண்டு.)

உதயகுமரன் எப்படிச் சாகிறான்? அது விதியா, கொலையா?

நூலிலேயே அழுத்தமான பகுதி இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மணிமேகலை யாருடைய வடிவத்தில் திரிகிறாளோ அந்தக் காயசண்டிகை வானில் உலவும் விஞ்சையர் (வித்தியாதரர்) குலப்பெண். முனிவர் சாபத்தால் 12 ஆண்டுகள் யானைத்தீ என்னும் தீராப்பசியில் கிடந்தவள். அமுதசுரபிச் சோற்றால் நோய் தீர்ந்து ஊருக்குப் புறப்பட்டுவிட்டாள். அவள் கணவன் காஞ்சனன் சாபக்காலம் முடிந்ததே என்று அவளைத் தேடிப் புகாருக்கு வருகிறான். அவன் கண்ணில் படுவது மணிமேகலை, தன் மனைவி உருவில். அவள் இவனைக் கண்டுகொள்ளவே இல்லை. வேறொருவனுக்கு, அங்கே இருந்த ஒரு கிழவியைக் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள். கருமணல் போலிருந்த கூந்தல் நிறம் மாறி, ‘வெண்மணல் ஆகிய கூந்தல் காணாய்’ என்று தொடங்கி, நெற்றி, புருவம், கண் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள். இளமையின் நிலையாமையை உதயகுமரனுக்கு உணர்த்தப் பேசும் பேச்சு காஞ்சனன் காதில் கள்ளக்காதலாக விழுகிறது. நள்ளிரவில் உதயகுமரன் அம்பலத்துக்குள் வந்ததும் அவன் தோளை வாளால் துணித்துவிடுகிறான்.

அங்கே தூணில் ஒரு பாவை உண்டு, கந்திற்பாவை என்பார்கள். அது பேசத் தொடங்குகிறது. முற்பிறவியில் பிரமதருமருக்கு விருந்து ஏற்பாடானபோது, சமையற்காரன் கால் தளர்ந்து விழுந்து கலங்களைச் சிதறவிட்டான். சினம் தாங்காத இராகுலன் அவன் தோளையும் தலையையும் வாளால் வெட்டினான். அந்த வினைதான் இப்போது வந்து சேர்ந்திருக்கிறது என்கிறது பாவை. தோளுக்குத் தோள்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது சாதாரண விதிக்கதை. பாவை காஞ்சனன் பக்கம் திரும்பி இன்னொன்று சொல்கிறது. உதயகுமரனை அவன் வினை பற்றியது உண்மைதான், ஆனாலும்

‘வெவ்வினை செய்தாய் விஞ்சைக் காஞ்சன!
அவ்வினை நின்னையும் அகலாது ஆங்குறும்.’

செத்தவனுக்கு அது வினைப்பயனாக இருந்தாலும், கொன்றவனுக்கு அது அவன் செய்த கொலை. ‘விதி என் கையால் செய்தது’ என்று காஞ்சனன் தப்ப முடியாது. விதியையும் பொறுப்பையும் இவ்வளவு சுருக்கமாகப் பிரித்து வைத்த இடம் தமிழில் வேறு இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருக்கிறேன்.

அவன் செத்ததும் மணிமேகலை நிம்மதிப் பெருமூச்சு விட்டாளா?

இல்லை. ஓடிப்போய்ப் பிணத்தைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறாள். அன்று திட்டிவிடத்தால் நீ இறந்தபோது ‘கட்டழல் ஈமத்து என்னுயிர் சுட்டேன்’, இன்று உனக்கு அறம் சொல்லி உன் வினையைப் போக்கத்தானே இந்த வடிவம் எடுத்தேன், அதுவே உன்னைக் கொன்றுவிட்டதே என்று புலம்புகிறாள். பாவைதான் ‘செல்லல் செல்லல்’ என்று தடுக்கிறது. இவன் உனக்குக் கணவனானதும் நீ இவனுக்கு மனைவியானதும் ஒரு பிறவியில் மட்டுமா, ‘பண்டும் பண்டும் பல்பிறப்பு உளவால்’ என்கிறது.

ஈரமில்லாத கல்நெஞ்சுக்காரி என்று மணிமேகலையை எழுதுபவர்கள் 21ஆம் காதையை (அத்தியாயத்தை) தாண்டிப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

எல்லாம் முன்பே எழுதப்பட்டது என்றால் அவள் தேர்வுக்கு என்ன மதிப்பு?

வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயவாதிகளிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அவர்களில் ஒருவர், எல்லாம் ஊழே என்னும் ஆசீவக சமயத்தவர். பெறுவது, இழப்பது, இடையூறு, இன்பம், துன்பம், பிறப்பு, சாவு எல்லாம் ‘கருவிற் பட்ட பொழுதே கலக்கும்’, முன்பே உள்ள ஊழே பின்னாலும் வந்து ஊட்டும் என்று ஆசீவகத் தலைவர் மற்கலியின் நூலை ஒப்பிக்கிறார். சுத்தமான விதிவாதம். அதைச் சொற்றடுமாற்றம் என்று ஒதுக்கிவிட்டு அடுத்தவரிடம் நடக்கிறாள்.

எதிர்முனையில் பூதவாதி நிற்கிறார். கண்ணால் காண்பதே உண்மை, மறுபிறவி எல்லாம் பொய் என்கிறார். தன் முற்பிறவியை நேரில் உணர்ந்தவளுக்குச் சிரிப்பு வருகிறது. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள்.

அவளுக்குப் பிடித்த வழி இரண்டுக்கும் நடுவே போகிறது. கடைசிக் காதையில் அறவண அடிகள் 12 சார்புகளைச் சொல்கிறார். பேதைமையால் செய்கை, செய்கையால் உணர்வு என்று தொடங்கி, நுகர்வால் வேட்கை, வேட்கையால் பற்று என்று நீண்டு, பிறப்பிலும் வினைப்பயனிலும் போய் முடியும் தொடர். அதையே திருப்பியும் சொல்கிறார்: பேதைமை மீளச் செய்கை மீளும். ஒவ்வொன்றும் இன்னொன்றால் வருகிறது என்றால், காரணத்தை நிறுத்தினால் காரியமும் நின்றுபோகும். ஆசீவகரின் ஊழில் இப்படிக் கைவைக்க இடமே கிடையாது.

உவவனத்து இளம்பெண்ணை இப்போது நினைத்துப் பாருங்கள். உதயகுமரனைப் பார்த்ததும் நெஞ்சு போனது பழைய வினையின் தொடர்ச்சி. அதை அவளால் தடுக்க முடியவில்லை, தடுக்கவும் இல்லை. அந்த ஈர்ப்பு பற்றாக இறுகுமா என்பதுதான் அவள் கையில் இருந்தது. முற்பிறவி அறிவு வந்தபின், ஈர்ப்பின் மூலம் எதுவென்று புரிந்துவிட்டது. மூலம் புரிந்தவுடன் அதற்குக் கட்டுப்பட வேண்டிய அவசியமும் தளர்ந்துவிட்டது. சினிமாவில் முற்பிறவி நினைவு வருவது சேர்வதற்கு. இங்கே அது விலகக் கற்றுக்கொடுக்கிறது.

இதில் ஓட்டையே இல்லை என்று சொல்லமாட்டேன். வஞ்சிக்குப் போவாய், பல சமயம் கேட்பாய், காஞ்சியில் வாழ்வை முடிப்பாய் என்று கந்திற்பாவை முன்கூட்டியே சொல்ல, அவையெல்லாம் நடக்கத்தான் செய்கின்றன. அறிவிக்கப்பட்ட பாதையில் நடப்பவளைச் சுதந்திரமானவள் என்பதா என்று கேட்டால், நூல் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

சிலப்பதிகாரத்து ஊழும் இதுதானா?

கோவலனும் முற்பிறவிக் கொலைக்காகவே வெட்டுப்படுகிறான். பரதன் என்ற பெயரில் சங்கமன் என்ற வணிகனைச் சாகவைத்தவன் அவன். ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பது அந்நூலின் மூன்று கொள்கைகளில் ஒன்று. ஆனால் கோவலனுக்குத் தன் முற்பிறவி தெரியாமலே கதை முடிந்துவிடுகிறது. மகளுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் வேறுபாடு.

சேர்ந்தே பிறக்க ஆசைப்படும் காதல் தமிழில் இல்லையா?

ஏராளம். குறுந்தொகை 49ஆம் பாட்டில் அம்மூவனாரின் தலைவி, இப்பிறவி மாறி மறுமை வந்தாலும் நீயே என் கணவனாகவேண்டும், நானே உன் நெஞ்சுக்கு ஏற்றவளாகவேண்டும் என்கிறாள். குறள் 1315இல் நிலைமை இன்னும் குறும்பாக இருக்கும். ‘இம்மைப் பிறப்பில் பிரியலம்’ என்று கொஞ்சலாகச் சொன்னான். அப்படியானால் மறுபிறவியில் பிரிந்துவிடுவாயா என்று அவள் கண் நிறைய நீர் கொண்டாள்.

சித்திராபதி வில்லியா?

வில்லியாகத்தான் வருகிறாள். உதயகுமரனைத் தூண்டிவிடுவது அவள்தான். ஆனாலும் அவள் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. நாங்கள் கணவன் செத்தால் உடன் சாகும் பத்தினிகள் இல்லை, பாணன் இறந்தால் வேறு கைக்குப் போகும் யாழைப் போன்றவர்கள் என்கிறாள். தன் குலத்துக்குச் சமூகம் வகுத்த விதியை அப்படியே விழுங்கிச் செரித்தவள் அவள். விதியை ஏற்றுக்கொண்ட பாட்டி, பாதி வழியில் இறங்கிய அம்மா, மறுத்துவிட்ட பேத்தி என்று மூன்று தலைமுறையை வைத்துப் படித்தால் வேறொரு நாவல் கிடைக்கும்.

சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியது எப்போது?

உதயகுமரன் சாவதற்கு முன். காயசண்டிகை வடிவில் சிறைக்குள் போய் அத்தனை பேருக்கும் சோறிடுகிறாள். வியந்துபோன சோழ அரசன் மாவண்கிள்ளி, உதயகுமரனின் தந்தை, என்ன வேண்டும் என்று கேட்க, சிறையையே அறவோர் இருப்பிடமாக்கு என்கிறாள். அவனும் ஆக்குகிறான்.

மகன் செத்த செய்தி வந்தபோது அதே அரசன், நான் செய்திருக்க வேண்டியதை விஞ்சையன் செய்துவிட்டான் என்று நீதி பேசுகிறான். கன்றுக்காக மகனைக் கொன்ற சோழன் பிறந்த குலமல்லவா! அதே மூச்சில் கணிகை மகளையும் காவலில் வை என்று ஆணையும் போடுகிறான். குற்றம் இளவரசனுடையது என்று ஒப்புக்கொண்ட பிறகும் சிறை அவளுக்கு.

அரசி அவளை என்ன செய்தாள்?

இராசமாதேவி அவளைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டு பழிதீர்க்கப் பார்க்கிறாள். பித்தாக்க மருந்து கொடுக்கிறாள், பலிக்கவில்லை. கயவன் ஒருவனுக்குக் காசு கொடுத்து அனுப்புகிறாள். மணிமேகலை ஆண் உருவெடுத்துத் தப்புகிறாள். நோயாளி என்று பொய் சொல்லிப் புழுக்கறையில் அடைக்கிறாள். பசிப்பிணி மந்திரம் காக்கிறது. கடைசியில் அரசி நடுங்கிப்போய் மகனை நினைத்து அழ, மணிமேகலை கேட்கிறாள்: ‘உடற்கு அழுதனையோ உயிர்க்கு அழுதனையோ?’ உடலுக்கு என்றால் அதைச் சுடுகாட்டுக்கு அனுப்பியது யார்? உயிருக்கு என்றால் அது எங்கே போய்ப் புகுந்தது என்று யாருக்குத் தெரியும்? அந்த உயிர்மேல் அன்பிருந்தால் எந்த உயிரைக் கண்டாலும் நீ இரங்க வேண்டும்.

மறுபிறவிக் கொள்கையிலிருந்து இப்படி ஓர் அறத்தை எடுக்கலாம் என்று எனக்கு முதலில் தோன்றவைத்தது இந்த இடம்தான். செத்த மகன் எந்த உடம்பில் இருப்பான் என்று தெரியாது, அதனால் எல்லாரிடமும் கனிவாக இரு.

நூலில் மிக வினோதமான காட்சி எது?

சந்தேகமே இல்லாமல், புண்ணியராசன் தன் எலும்பைத் தானே தோண்டிப் பார்ப்பது. அமுதசுரபியை முதலில் வைத்திருந்த ஆபுத்திரன், மணிபல்லவத்தில் தனியாக விடப்பட்டு, தனக்காக மட்டும் அந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்த மனமில்லாமல் உண்ணாமல் உயிர்விட்டவன். சாவக நாட்டு அரசனாகப் பிறந்திருக்கும் அவனை மணிமேகலை அதே தீவுக்கு அழைத்து வருகிறாள். மணலைத் தோண்டுகிறான், முற்பிறவி உடம்பின் எலும்புக்கூடு கிடக்கிறது. மறுபிறவிக்கு மச்சம், தாலாட்டு, பழைய நகை என்று அடையாளம் தேடும் எழுத்தாளர்கள் இந்தக் காதையை ஒருமுறை புரட்டலாம்.

முடிவில் அவள் ஆணாகப் பிறப்பாளாமே? இது என்ன நியாயம்?

ஆம், கந்திற்பாவை அப்படித்தான் சொல்கிறது. இனி உத்தர மகதத்தில் பிறக்கும் பிறவியெல்லாம் ஆண்பிறப்பாகிப் புத்தரின் மாணவராக ஆவாய் என்கிறது. பெண்பிறப்பைக் கீழாக வைத்த பழைய சமயக் கருத்து இது. மழுப்பி விளக்கம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 30 காதைகளில் ஒரு பெண் செய்துகாட்டியதற்குப் பொருந்தாத பரிசு.

நூலின் காலம் என்ன? நம் கைக்கு எப்படி வந்தது?

கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு. 29ஆம் காதையின் தருக்கப் பகுதியை வைத்து 5, 6ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு. உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்தார். பௌத்தச் செய்திகள் விளங்காமல் திணறியபோது அவருக்குக் கும்பகோணத்தில் உதவியவர் மளூர் ரங்காசாரியார்.

எங்கே தொடங்கிப் படிக்கலாம்?

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போனால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். காதல் கதைக்காக வருகிறவர்கள் 3 முதல் 5 வரை, பிறகு 8 முதல் 10 வரை, அடுத்து 18, 20, 21, 23 ஆகிய காதைகளை முதலில் படியுங்கள். விதி பற்றிய வாதம் வேண்டுமென்றால் 27. அதன்பின் ஆபுத்திரன் கதைக்கு 13, 14, 25. தருக்க இலக்கணம் பேசும் 29ஐ ஆசிரியர் ஒருவர் துணையோடு படிப்பது நல்லது. மூலம் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. உரைக்கு ந.மு.வேங்கடசாமி நாட்டாரும் ஔவை துரைசாமிப் பிள்ளையும் எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள், பதவுரை நிதானமாக இருக்கும்.